மீன் தொட்டிக்குக் கீழே

பழனி மலையில் விழுகிற தண்ணீர் எதுவும் மலையோடு நின்றுவிடுவதில்லை. கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிவதுதான், மலையேறும் வண்டிகளெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிற வெள்ளி அருவி. பாம்பாறு கும்பக்கரையில் குதித்துப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. வடக்குச் சரிவில் பாலாறும் பொருந்தலாறும் வரதமாநதியும் இறங்கிச் சண்முகநதிக்குப் போய், அமராவதி வழியாகக் காவிரியில் கலக்கின்றன. எங்கள் பக்கம், அதாவது தாண்டிக்குடியைச் சுற்றிய கீழ்மலையில் பெய்கிற மழை மருதாநதியில் சேர்ந்து அய்யம்பாளையத்துக்கு மேலே உள்ள அணையில் தேங்குகிறது, பிறகு வைகைக்குப் போகிறது. வழியெல்லாம் அதைக் குடிக்கிறார்கள், துவைக்கிறார்கள், பீன்சுக்கும் தென்னைக்கும் பாய்ச்சுகிறார்கள்.

அந்த ஓடைகளில் ஒன்றின் கரையில்தான் எங்கள் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகு, அதன் நிழலில் காபி, நடுநடுவே மலைவாழை. காபி விலையும் மிளகு விலையும் ஏறி இறங்கும்போது கையில் ஏதாவது இருக்கட்டும் என்று இந்தப் பக்கத்தில் சிலர் மீன் வளர்க்க ஆரம்பித்தார்கள். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில்தான் முதலில் விட்டார்கள். பிறகு இரும்புக் கம்பி வலையை வட்டமாக நிறுத்தி உள்ளே தார்ப்பாய் விரித்த தொட்டிகள் வந்தன. இங்குள்ள குளிருக்குக் கட்லாவும் ரோகுவும் மெதுவாகத்தான் தேறும். சாதாக்கெண்டையும் புல்கெண்டையும் தாங்கும். நானும் அவற்றைத்தான் வளர்க்கிறேன்.

எங்களுக்கு மேல்தோட்டத்தில் தார்ப்பாய்த் தொட்டிகள் வந்த வருடம்தான் மீன் தொட்டிக் கழிவுநீர் விஷயத்தை நான் கவனிக்க ஆரம்பித்தேன். கோடையில் ஓடை மெலிந்திருந்தது. கல்லெல்லாம் வழுவழுவென்று பழுப்புப் பாசி. சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் கொழகொழப்பு, மூக்கருகே கொண்டுபோக முடியாத வாடை. காபிப் பழம் உரிக்கிற மாதங்களில் பல்பர் தண்ணீர் ஓடையில் கலந்தால் வருகிற புளித்த வாடை எங்களுக்குப் பழக்கம். இது வேறு. மேலே ஏறிப் போய்க் கேட்டேன்.

“மீன் கழிவுதான தாயி, உரந்தான?” என்றார் மேல்தோட்டத்து அண்ணன்.

“உரந்தாண்ணே. ஓடையில கெடந்தா யாருக்கு உரம்?”

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். அவருக்கு மேலேயும் ஒருவர் தொட்டி போட நிலத்தைச் சமன்செய்துகொண்டிருந்தார் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்த வருடம் அவர் தொட்டிக்கும் என் தொட்டிக்கும் சேர்த்தே வேலையை ஆரம்பித்தோம்.

உரம்தானே என்று அவர் சொன்னது பொய்யில்லை. தீவனப் பையில் புரதம் 28 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். புரதத்தின் எடையில் 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 45 கிராம் நைட்ரஜன். அதில் மீனின் உடம்பில் சதையாகச் சேர்வது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். மீதி 30 கிராமுக்குக் குறையாமல் தண்ணீருக்கே திரும்பி வருகிறது. இதில் பெரும்பகுதி மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாகக் கரைந்து வெளியேறுவது, கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது அடியில் விழுகிற கழிவும் தின்னாமல் விட்ட தீவனமும். தினம் ஒரு கிலோ தீவனம் போடுகிறவர் தினம் 30 கிராம் நைட்ரஜனையும், கூடவே பாஸ்பரஸையும் ஓடைக்கு அனுப்புகிறார். கோடையில் சுண்டு விரல் கனத்துக்கு ஓடுகிற ஓடை அதைத் தாங்காது. பாசி பெருகும், பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீரும், கல்லடியில் வாழ்கிற நண்டும் அயிரையும் காணாமல் போகும்.

இதற்குக் கடையில் கிடைக்கிற இயந்திரங்கள் உண்டு. சுழலும் உருளையில் நுண்ணிய வலை கட்டி, தண்ணீரைச் சலித்து, வலையைத் தானே கழுவிக்கொள்கிற இயந்திரம் லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். மின்சாரம் போனால் அதுவும் நிற்கும். கீழ்மலையில் காற்று பலமாக அடித்தாலே மரம் விழுந்து கம்பி அறுந்துவிடும். ஆகவே எங்களிடம் மிகுதியாக இருக்கிற ஒன்றை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. அது சரிவு.

இதில் பலர் செய்வது என்னவென்றால், குடிநீர் வடிகட்டிபோல மணல், கரி, ஜல்லி என்று அடுக்கி, மீன் தொட்டித் தண்ணீரை நேராக அதன் தலையில் ஊற்றுவது. ஒரு வாரம் பளிங்காகத் தண்ணீர் வரும். அப்புறம் மணலின் மேல்பரப்பு அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் காற்றுப் புகாமல் கழிவு அழுகி, அழுகிய முட்டை வாடை கிளம்பும். அந்தத் தண்ணீர் முன்பிருந்ததைவிடக் கெட்டது. மணலும் கரியும் குற்றவாளிகள் இல்லை. வரிசைதான் தப்பு. திடக் கழிவைப் பிடிக்காமல் வேறு எதையும் செய்யக் கூடாது.

அந்தத் திடக் கழிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான் முடிகிறது. கெண்டையின் கழிவு வெளியே வரும்போது நூல் நூலாக, மெல்லிய சவ்வுக்குள் அடங்கியிருக்கும். கையால் தொடாதவரை உடையாது. உடையாத கழிவு நேராக அடியில் போய்ப் படியும். அதையே மோட்டார் உறிஞ்சினால் உள்ளே சுழலும் இறக்கை அதைத் தூளாக்கிவிடும். தூளானது எளிதில் படியாது, தண்ணீரோடு கலங்கிப் போய், சில மணி நேரத்தில் கரைந்து, பிடிக்க முடியாத அம்மோனியாவாகிவிடும். ஆகவே கழிவைப் பிடிக்கும் இடம் வரைக்கும் மோட்டார் கூடாது. தண்ணீர் தன் போக்கில் இறங்க வேண்டும். சமவெளியில் இதற்குப் பள்ளம் தோண்ட வேண்டியிருக்கும். மலையில் தொட்டிக்குக் கீழே இரண்டடி இறங்கினால் இடம் தயாராக இருக்கிறது.

அங்கே ஒரு 200 லிட்டர் நீல டிரம். பழைய டிரம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வத்தலக்குண்டில் கிடைத்தது. உள்ளே என்ன அடைத்து வந்த டிரம் என்று கேட்டு வாங்க வேண்டும். பூச்சிமருந்து வந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் மீனுக்கு ஆகாது. மீன் தொட்டியின் அடிமையத்திலிருந்து இரண்டு இஞ்சு பிவிசி குழாய் கிளம்பி டிரம்மின் பாதி உயரத்தில் நுழைகிறது. உள்ளே நுழைந்ததும் ஒரு எல்போவைப் போட்டு, அதன் வாய் டிரம் சுவரை ஒட்டிப் பார்க்கும்படி திருப்பிவிட வேண்டும். அப்போது தண்ணீர் சுவரோரமாக மெல்லச் சுற்றும். சுற்றும்போது கழிவு நடுவுக்கு வந்து அடியில் இறங்கும். தெளிந்த தண்ணீர் மேலே உள்ள குழாய் வழியாக வழிந்து அடுத்த டிரம்முக்குப் போகும். அடியைச் சிமென்ட்டால் புனல் வாட்டத்தில் பூசி, ஒன்றரை இஞ்சு பால் வால்வு வைத்திருக்கிறோம்.

தண்ணீர் வேகமாக வந்தால் இதெல்லாம் வீண். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் டிரம்முக்குள் ஒரு சொட்டு சராசரியாக 20 நிமிடம் தங்கும், அது போதும். நிமிடத்துக்கு 40 லிட்டர் திறந்துவிட்டால் ஐந்தே நிமிடம், படிந்ததும் கிளம்பிவிடும். கீழே வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து அளந்துகொள்ளலாம்.

காலையிலும் மாலையிலும் அடி வால்வைத் திறக்கிறேன். முதலில் வருவது கரும்பழுப்பு, கூழ்ப் பதம். பிறகு வெளுத்துக்கொண்டே வரும். தெளிந்ததும் மூடிவிட வேண்டும். தீவனம் போடுகிற நாளில் ஒரு வாளி, சில நாள் ஒன்றரை. அது சருகோடு சேர்ந்து மட்கி மலைவாழைக்கும் காபிக்கும் போகிறது. அந்த வாளியை அன்றன்றைக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். டிரம்மிலேயே இரண்டு நாள் விட்டால் அது கரைந்து தண்ணீரோடு போய்விடும், டிரம் வைத்ததற்கே அர்த்தம் இருக்காது.

கரைந்து வருகிற அம்மோனியாவை எந்த வலையும் பிடிக்காது. அதைப் பாக்டீரியாதான் மாற்ற வேண்டும். ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு தீங்கில்லை, செடிக்கோ சாப்பாடு. இந்தப் பாக்டீரியாவை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, ஓடைக் கல்லிலேயே இருக்கிறது. அது ஒட்டி வாழ இடமும் காற்றும் கொடுத்தால் போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் வளர்ந்த பாக்டீரியாப் படலம் ஒரு நாளைக்கு மாற்றுவது அரை கிராம் அம்மோனியா நைட்ரஜன் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், குளிரில் அதுவும் குறையும். 30 கிராமுக்கு 60 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை கட்டிய வலைப்பைகள் மலிவாகக் கிடைக்கின்றன, கிழிந்த நிழல்வலையும் கிடைக்கிறது. அவற்றைச் சுருட்டி இரண்டாவது டிரம்மில் தளர்வாக அடைத்து, மேலிருந்து தண்ணீரைத் துளையிட்ட தட்டு வழியாகச் சிதறி விழவைத்தால் இடமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகும் என்பதால் தண்ணீர் விழுகிற உயரம் வீண் போவதில்லை.

முதல் ஒன்றரை மாதம் அது எதுவும் செய்வதாகத் தெரியாது, மார்கழிக் குளிரில் ஆரம்பித்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை தீவனத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. வலை அழுக்காக இருக்கிறதே என்று குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டால் வளர்ந்ததெல்லாம் போய்விடும். தொட்டித் தண்ணீரிலேயே ஒரு அலசு அலசினால் போதும்.

இனிச் சொல்லப்போவது சமவெளிக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படாது. மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைப் பாக்டீரியா மாற்றும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற காரத்தன்மையில் சுமார் ஏழு கிராம், சுண்ணாம்புக் கணக்கில், தின்றுவிடுகிறது. 30 கிராமுக்கு 200 கிராமுக்கு மேல். திண்டுக்கல் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்புக் காய்ந்து பாத்திரம் வெளுக்கிற தண்ணீர், அதில் இந்தச் சத்து தாராளமாக இருக்கும். சோலையிலிருந்து கல்லில் உருண்டு வருகிற எங்கள் ஓடைத் தண்ணீரில் லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம்தான். ஆயிரம் லிட்டரில் 30 கிராம்கூடத் தேறாது. அதனால் வடிகட்டி நன்றாக வேலைசெய்ய ஆரம்பிக்கும்போதே தண்ணீர் புளிக்க ஆரம்பிக்கும். பிஎச் ஆறரைக்குக் கீழே இறங்கியதும் பாக்டீரியா சோர்ந்துபோகும், அம்மோனியா மறுபடியும் சேரும்.

ஆபத்து இதற்குப் பிறகுதான் வருகிறது. புளித்த தண்ணீரில் அம்மோனியா அதிகம் இருந்தாலும் மீனுக்கு உடனே ஒன்றும் ஆகாது. அம்மோனியாவின் நச்சு வடிவம் பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சாக இருப்பது அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். 8-க்கு ஏறினால் ஐந்து சதவீதம். 9-க்கு ஏறினால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். கீழ்மலையில் ஒரு தொட்டியில் பிஎச் குறைந்துவிட்டது என்று ஒரே சாயங்காலத்தில் சுண்ணாம்பைக் கரைத்துக் கொட்டினார்கள். காலையில் மீனெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. சுண்ணாம்பு நல்ல மருந்துதான், அளவும் நேரமும் தப்பினால் அதுவே எமன். நாங்கள் தூத்துக்குடியிலிருந்து வந்த கிளிஞ்சலைச் சாக்கில் கட்டி இரண்டாவது டிரம்முக்குள் தொங்கவிட்டிருக்கிறோம். தண்ணீர் புளித்தால் கிளிஞ்சல் கரையும், புளிப்பு நின்றால் கரைவதும் ஏறக்குறைய நின்றுவிடும். அவசரக் கையை அதில் காட்ட முடியாது என்பதே அதன் பெருமை. சாக்கு இளைத்தால் மாற்றிக் கட்ட வேண்டும்.

மூன்றாவது கட்டம் செடிகள். தார்ப்பாய் விரித்த நீளமான வாய்க்கால், அதில் முக்கால் இஞ்சு ஜல்லி, ஜல்லியில் கல்வாழையும் சம்பும் வெட்டிவேரும். தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியாமல் உள்ளேயே ஓட வேண்டும், அப்போது கொசு முட்டையிட இடமில்லை. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950-களில் கோரை, நாணல் வகைகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆய்வைத் தொடங்கியபோது பலர் அதை நம்பவில்லை. இன்று உலகமெங்கும் இந்த முறை பரவியிருக்கிறது. கல்வாழையை மாதம் ஒரு தடவை அறுத்து வெளியே எடுத்துவிட வேண்டும். அறுக்காமல் விட்டால் அது குடித்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அழுகி அங்கேயே திரும்பி வரும்.

ஆகாயத்தாமரையை மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீர்கள். அது நன்றாகத்தான் உறிஞ்சும். ஒரு மழையில் ஒரு கிளை ஓடைக்குத் தப்பினால் மருதாநதி அணை வரைக்கும் போகும், பிறகு அதை அள்ளுவது அரசாங்கத்தின் தலையில் விழும். கொடைக்கானல் ஏரியிலேயே நீர்க்களையை அள்ளுவது ஓயாத வேலை.

கொல்கத்தாவுக்குக் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மாநகரத்தின் சாக்கடை நீரை ஆழமில்லாத குளங்களில் வெயிலில் விட்டு, அதில் பெருகும் பாசியில் மீன் வளர்க்கிறார்கள், மிஞ்சிய நீரில் நெல்லும் காய்கறியும். துருபஜ்யோதி கோஷ் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் அதைப் பதிவுசெய்து வாதாடியதால் அது பிழைத்தது. 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. அங்கே வெயிலும் சமநிலமும் இருக்கிறது, எங்களுக்குச் சரிவும் ஜல்லியும். கழிவைச் சத்தாகப் பார்ப்பதில் இரண்டும் ஒன்றுதான்.

இந்த மலையடிவாரத்துக்கும் மீன்பண்ணைக் கழிவுநீருக்கும் இன்னொரு உறவு உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1926-ல் பிறந்தது வத்தலக்குண்டு பக்கத்து அய்யங்கோட்டையில். அவரும் கணவர் எஸ். ஜெகந்நாதனும் நிலமில்லாதவர்களுக்கு நிலம் கிடைக்க வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர்கள், 2008-ல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றவர்கள். 1990-களில் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகள் பெருகி, உப்பும் கழிவுநீரும் நெல் வயலையும் குடிநீரையும் கெடுத்தபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர, அகற்றச் சொன்னது. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனி ஆணையத்துக்கான சட்டம் வந்தது. ஐந்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகள் கழிவுநீரைப் படியவிட்டுச் சுத்தம் செய்யும் குளம் வைக்க வேண்டும் என்பது அதன்கீழ் வந்த விதி. இன்று கடலோரத்தில் ஒரு பண்ணைக்காரர் படிவுக்குளம் வெட்டுகிறார் என்றால் அதில் அந்தப் பெரியவரின் பிடிவாதமும் இருக்கிறது. அவர் 2013-ல் காலமானார்.

அந்தச் சட்டம் கடலோரத்தோடு நின்றுவிடுகிறது. மலைத்தோட்டத்துத் தார்ப்பாய்த் தொட்டிக்கு அது வராது. ஆனால் மலைக்கு மானியம் வருகிறது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் என்று அறிவித்தார்கள். நீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிற கொல்லைப்புறச் சிறு அலகுக்கு 50,000 ரூபாய் என்று திட்ட மதிப்பு வைத்தார்கள். நல்ல காரியம். எங்கள் பக்கம் அதிகம் வருவதோ வெறும் தொட்டிதான், தண்ணீரை மாற்றி மாற்றி ஓடையில் விடுகிற தொட்டி.

ஆகவே மீன்வளத் துறையிடம் நான் கேட்பது பெரிய சட்டமில்லை. மலைக் கிராமங்களில் எந்தத் தொட்டிக்கு மானியம் கொடுத்தாலும், அந்த மதிப்பீட்டில் தொட்டி இவ்வளவு, தார்ப்பாய் இவ்வளவு, காற்றூதி இவ்வளவு என்று எழுதுகிற பட்டியலில் இன்னும் ஒரு வரி வேண்டும்: இரண்டு டிரம், குழாய், வால்வு, ஒரு சாக்குக் கிளிஞ்சல், ஒரு லோடு ஜல்லி. பார்வையிட வரும் அதிகாரி மீனை எண்ணுவதற்கு முன்னால் அடி வால்வைத் திறந்து பார்க்கட்டும். கரும்பழுப்பாக வந்தால் பண்ணைக்காரர் வேலை செய்கிறார் என்று அர்த்தம்.